காத்து எங்க கசியுது

இல்ல டாக்டர், இருமல் ரெண்டு வாரமாத்தான்னு எழுதாதீங்க. அண்ணன் அப்படித்தான் சொல்வாரு. சும்மா சளி, மாத்திரை குடுங்க போறேன்னு உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரே? எழுதினத அடிச்சிருங்க.

இல்ல, உக்காரல. நின்னே சொல்றேன். அவரு எக்ஸ்ரே எடுத்துட்டு வர்றதுக்குள்ள சொல்லிடணும்.

நானா? நான் வாத்தியம் பண்றேன். கம்ப்யூட்டர்ல. பதிவு பண்ணின சத்தத்தத் திருப்பிப் போடறதுன்னு நினைக்காதீங்க, அது வேற. குழாய் எவ்ளோ நீளம், வாயில வெச்சு ஊதற சீவாளி எவ்ளோ மெலிசு, வாய்க்குள்ள காத்து எவ்ளோ அழுத்தம், இதெல்லாம் கணக்காக் குடுத்தா கம்ப்யூட்டர் தானே ஊதும். அண்ணன் கிளாரினெட்காரரு. நாடகக் குழுவுல இருபத்திரண்டு வருஷம். நம்ம கணக்கு சரியான்னு பாக்க நிஜமா ஒருத்தர் ஊதணும்ல? வெளியாள் எதுக்குன்னு அவரையே பிடிச்சேன். சனிக்கிழமை சனிக்கிழமை வருவாரு. ஊதுவாரு. என் கம்ப்யூட்டர் ஊதறதையும் கேப்பாரு. ஜலதோஷம் பிடிச்ச வாத்து மாதிரி இருக்குடான்னுட்டுப் போவாரு.

விஷயத்துக்குத்தான் வர்றேன். இருங்க, இந்த ஃபேன கொஞ்சம் குறைச்சுக்கறேன், காகிதம் படபடங்குது.

ஆரம்பத்துல ஒரே ஸ்வரத்தப் பதினாறு செகண்டு அசையாம நிறுத்துவாரு. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி. அப்புறம் பன்னெண்டு. அப்புறம் ஒம்பதாவது செகண்டுலயே கோடு தொய்யுது. என் கணக்கு தொய்யல, அவரு தொய்யறாரு. ரெண்டும் ஒட்டல. கேட்டா, நான் எப்பவும் போலத்தான்டா ஊதறேன், உன் மிஷினப் பாருங்கறாரு. சரி, கிளாரினெட்லதான் ஏதோ துளை மூடி சரியா உக்காரல, காத்து கசியுதுன்னு நானா முடிவு பண்ணிட்டேன். ரிப்பேர்காரர்கிட்ட குடுத்தேன். மூடியெல்லாம் கச்சிதம், கசிவே கிடையாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. நான் நம்பணுமே? இவருக்கென்ன தெரியும்னு கணக்குல கசிவுன்னு ஒரு வரி சேத்தேன். சேத்ததும் பாருங்க, ரெண்டும் அச்சா ஒண்ணாயிடுச்சு. ஆபீஸ்ல எல்லாரும், இப்பத்தான்யா இதுக்கு உயிர் வந்திருக்குன்னாங்க. கைதட்டினாங்க டாக்டர்.

ஆமா, மூச்சுதான். நேத்து படியேறும்போது ரெண்டாவது மாடியிலயே உக்காந்துட்டாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

எப்பலேர்ந்துன்னா... தேதியே இருக்கு. ஒவ்வொரு தடவ ஊதி முடிச்சதும் இருமுவாரு. பதிவு சுத்தமா இருக்கணும்ல, நான்தான் உக்காந்து இருமல மட்டும் வெட்டி வெட்டி எடுத்தேன். தூக்கிப் போடல. எதையும் அழிக்கற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. தனியா ஒரு ஃபோல்டர்ல கிடக்கு. நூத்தி முப்பத்தேழு. முதல்லது மார்ச் ஒம்பது. எட்டு மாசம் ஆச்சுல்ல? லேப்டாப்ப எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். போடட்டுமா? கடைசி பத்து, இருபதுல ஏதோ ஈரமாக் கேக்குது. அது என்னன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

வாண்ணா. முடிஞ்சுதா? ஒண்ணுமில்ல, சும்மா பேசிட்டிருந்தோம். இரு, நகராத. சட்டை பட்டன ஒண்ணு மாத்திப் போட்டிருக்கே. கைய எடு, நான் போடறேன்.