அழுத்தினா இல்லைன்னு அர்த்தம்

ஒரு நிமிஷம் இருங்கம்மா, கதவைச் சாத்திடறேன். நீங்க தப்பா ஒண்ணும் சொல்லிடல. எங்க பொண்ணு கையாலயே பேசுவான்னு அவர் பெருமையாச் சொன்னார், நீங்க அது அப்படி இல்ல சார்னு ஆரம்பிச்சீங்க. அதுக்குள்ள நான்தான் அவரை வெந்நீர் வாங்கிட்டு வாங்கன்னு விரட்டிட்டேன். ஃப்ளாஸ்க் நிறைய வெந்நீர் இருக்கு. அது அவருக்கும் தெரியும். ஆனா வேலை சொன்னா ஓடிடுவார். இப்ப அவருக்கு யாராவது ஏதாவது வேலை சொல்லிட்டே இருக்கணும்.

நீங்க பாட்டுக்கு அவ காலை மடக்கி நீட்டுங்க. பேசிட்டே செய்யலாம்ல? உங்களுக்கு முன்னாடி பயிற்சி கொடுக்க வந்தவரும் பேசிட்டேதான் செய்வார். இவளுக்கும் பிடிக்கும். பிடிச்சிருக்கும். சரியான வாயாடி. கண்டக்டர்கிட்ட கதை அளந்துட்டே இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுடுவா. அதனாலதான் இவ அப்பா ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வர ஆரம்பிச்சார்.

ரோட்டுல மணல் கொட்டிக் கிடந்திருக்கு. வண்டி சறுக்கிடுச்சு. அவருக்கு முழங்கைல ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அதுவும் ஆறக்கூடாதுன்னு நோண்டி நோண்டிப் புண்ணாக்கி வெச்சிருக்கார். நீங்க பார்த்திருப்பீங்க.

ஐசியூல இருந்து இந்த வார்டுக்கு வந்த புதுசுல, இவ உள்ளங்கைல விரலை வெச்சிருக்கார். இறுக்கிப் பிடிச்சுட்டா. மனுஷன் லிஃப்ட் மெக்கானிக். பட்டனை அமுக்கினதும் மேல எங்கேயாவது டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும்டி, உயிர் இருக்கு, சரி பண்ணிடலாம்னார். பக்கத்து பெட்காரங்க, கூட்டிப் பெருக்க வந்தவங்க, ஒருத்தரை விடல. ஆமான்னா அழுத்து கண்ணுன்னு இவகிட்ட சொல்லிவெச்சார். தாகமா? அழுத்தினா. அம்மாவைப் பிடிக்குமா? அழுத்தினா. அப்புறம், நான் வெளில போயிட்டேன்னு நினைச்சுட்டு, குனிஞ்சு, அப்பா மேல கோபமான்னு கேட்டார். நான் திரைக்கு இந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன்.

ஆமாம்மா. நீங்க நினைக்கிறது சரிதான். அழுத்தினா.

கொஞ்ச நேரத்துல ஆளைக் காணோம்னு தேடிப் போனா, ஆஸ்பத்திரி மொட்டை மாடில கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்னுட்டிருந்தார். கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். படி இறங்கும்போது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீங்க தலைகீழாப் புரிஞ்சிட்டீங்க, எனக்கும் அவளுக்கும் ஏற்கனவே ஒரு கணக்கு இருக்கு, அழுத்தினா இல்லைன்னு அர்த்தம்னேன். அப்ப தாகம் இல்லையான்னார். டியூப்ல போயிட்டே இருக்கே, எப்படித் தாகம் எடுக்கும்னேன். அப்ப அம்மாவைப் பிடிக்காதான்னார். என்னை என்னைக்குங்க அவளுக்குப் பிடிச்சிருக்கு, அவ அப்பா செல்லம்தானேன்னேன். சிரிச்சுட்டார். விபத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சார்.

அதுலேர்ந்து அதுதான் சட்டம். வலிக்குதா? இல்ல. பயமா இருக்கா? இல்ல. கோபமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்பாரோ, இல்ல, இல்ல, இல்ல. போன வாரம் ஆசையா, வீட்டுக்குப் போலாமான்னு கேட்டுட்டார். அழுத்தினா. முகம் அப்படியே சுருங்கிடுச்சு. இங்க உங்க குறட்டை இல்லாம நிம்மதியாத் தூங்கறா, அதான் வரமாட்டேங்கறான்னு சமாளிச்சேன். வேற என்ன செய்ய?

அதனால நீங்க சொல்ல வந்ததைத் தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

இல்லம்மா, புரியாம கேட்கல. கைல எது பட்டாலும் மூடிக்கும், பச்சைக் குழந்தைக்கு மூடிக்கற மாதிரி. அதுக்குக் காது கேட்கணும்னு இல்ல, தொடறது யாருன்னு தெரியணும்னு இல்ல. பெரிய டாக்டர் என்னை மட்டும் உட்கார வெச்சு, மூளை ஸ்கேனைக் காட்டி, இனிமே இவ்வளவுதாம்மான்னு பொறுமையா எல்லாம் சொன்னார்.

அதை அவர்கிட்ட சொல்லணும்னுதான் அங்கேயிருந்து நேரா இங்க வந்தேன். நான் வாசல்ல கால் வைக்கிறேன், புள்ள என் விரலைப் பிடிச்சிட்டாடீன்னு எதிர்ல ஓடி வர்றார்.