மதினிக்குச் சொல்லிக்கொடுத்த இங்கிலீசு

— எம்பேருக்கு வந்த கவர எதுக்கு மதினி பிரிச்சீக?

— மில்லுக் கவருன்னதும் கை நிக்கல பால்பாண்டி. மூணு மாசமா நீ சொல்லிக்குடுத்த இங்கிலீசு எம்புட்டு ஏறியிருக்குன்னு பாத்தேன்.

— கேலியா? நீங்க பெயிலானதுக்கு நான் என்ன செய்ய? மிசினுல மாட்டி ஆளு செத்தா, அந்த வீட்ல ஒருத்தருக்கு வேலை. மில்லு பரிட்சையில பாசாகியிருந்தா அண்ணன் பேரச் சொல்லி நீங்க டைம் ஆபீசுல உக்காந்திருப்பீக. ஆகல. இனி நாந்தான் அங்க உக்காரணும். குடுங்க இங்க.

— செத்த பொறு. ரெண்டு சந்தேகம் இருக்கு, தீத்துட்டு வாங்கிக்கோ. ஒண்ணுன்னா சைல்டு. நாலு பேரு இருந்தா?

— சைல்ட்ஸ். எத்தன மட்டம் சொல்றது? ஒண்ணுக்கு மேல போனா எஸ்சு.

— ஆடு? ஷீப்பு?

— ஷீப்ஸ்.

— ராஜபாளையம்னு எழுதுனா முத எழுத்து பெருசா, சின்னதா?

— வரி ஆரம்பத்துல வந்தா பெருசு. நடுவுல வந்தா சின்னது. ஊருப் பேருக்கு என்ன தனி மரியாத?

— காசிராஜன்னு ஒங்கண்ணன் பேர எழுதுனா?

— அதுவும்... அப்படித்தான்.

— செத்துப்போன மனுசன் பேரக்கூட எங்கையால தப்பா எழுத வச்சியே, நீ நல்லாருப்பியாலே!

— மதினி, மெதுவா...

— ப்ளஸ் டூ படிச்சவனுக்கு இது தெரியாதாக்கும்? நாலு பேருன்னா சில்ரன். ஆடு ஒண்ணுன்னாலும் நூறுன்னாலும் ஷீப்பு. ஆளு பேரு, ஊரு பேரு எங்க வந்தாலும் முத எழுத்து பெருசு. எந்நோட்டப் பாத்துட்டு பரிபூரணம் டீச்சர் தலையில அடிச்சுக்கிட்டாக. ஒண்ணு ரெண்டுன்னா மறதின்னு சொல்லலாம், அம்புட்டும் தப்புன்னா எப்படின்னு கேட்டாக.

— ஆமா, செஞ்சேன்! நாலு வருசமா வேலயத்துத் திரியுறேன். நீங்க பேனுக்குக் கீழ உக்காந்திருக்க, நான் சோழபுரத்துல களை வெட்டவா? ஒங்களையும் பாப்பாவையும் நான் பட்டினியா போட்டுருவேன்?

— ஒஞ்சோறு ஒனக்கே இருக்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல்ல சமையலுக்கு ஆளு வேணுமாம். டீச்சர் சொல்லிவச்சுட்டாக. நாளைக்குக் காலம்பற நானும் பாப்பாவும் பஸ் ஏறுறோம். இந்தா, ஒன் கவரு.

— என்னது இது... புளோ ரூமு, பஞ்சடிக்கிற நாலாம் நம்பர் மிசினா? மதினி! இது அண்ணன இழுத்துப் போட்ட மிசினுல்லா!

— அதேதான்.

— டைம் ஆபீசுன்னுல்ல சொன்னாங்க!

— அது பொண்டாட்டிக்கு மட்டும். வேற யாரு வந்தாலும் செத்தவன் நின்ன எடத்துலதான் நிக்கணும். மில்லு வழக்கத்துல பாதியத்தான் நீ விசாரிச்சிருக்க.

— இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?

— பரிட்சைக்கு மொத நாளே மேனேஜர் சொன்னாரு. அதுக்குள்ள டீச்சர்கிட்ட அம்புட்டையும் திருத்திப் படிச்சு முடிச்சிருந்தேன். போயி உக்காந்து, நீ சொல்லிக்குடுத்ததையே ஒரு எழுத்து மாத்தாம எழுதிட்டு வந்தேன்.