முப்பத்தொன்பதாவது மணி

போனாரியா: ...கேட்டதுக்குப் பதில் சொல்லுடா காவினோ. நேத்து எவ்வளவு இறால் தின்ன?

காவினோ: காலங்காத்தால இது என்ன கேள்வி! ரோட்டைப் பாத்து ஓட்டுக்கா.

போனாரியா: ரோடு நேராத்தான் போகுது. அத்தை வீட்டுல தட்டு தட்டா உள்ள தள்ளினியே, நான் பாத்தேன்.

காவினோ: பசி. அத்தை கைமணம். அது ஒரு குத்தமா?

போனாரியா: குத்தமில்ல. அரிப்பு எடுக்கலையான்னு கேக்கறேன்.

காவினோ: ...மாத்திரை போட்டுக்கிட்டேன்.

போனாரியா: போன வருஷம் ஒரே ஒரு இறாலுக்கு உன் மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிச்சு. ‘எலும்பு மஜ்ஜையைக் கேட்டா, உனக்கு இறால் ஒத்துக்காததையும் சேத்து என் தலையில கட்டிட்டியே’ன்னு என்கிட்டல்ல சண்டைக்கு வந்த!

காவினோ: பின்ன? இருபத்திரெண்டு வயசு வரைக்கும் ஆசை ஆசையாத் தின்னவன் நான். உன் மஜ்ஜை உள்ள வந்துச்சு, இறால் வெளிய போயிடுச்சு.

போனாரியா: மாசம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்திக்கிட்டுக் கெடந்ததும்தான் போச்சு. அதச் சொல்ல வாய் வராதே.

காவினோ: அதுக்குத்தான் வருஷா வருஷம் உனக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கித் தர்றேன்னு சத்தியம் பண்ணினேன்ல?

போனாரியா: பண்ணின. ஒரு சீப்புகூட வந்து சேரல.

காவினோ: சலூன்காரிக்கு எவனாவது சீப்பு வாங்கித் தருவானா?

போனாரியா: வாய் மட்டும் குறையல. சரி, காலியாரில உன்னை எங்க எறக்கிவிடணும்? ஃபிரெண்டு வீடு எந்தப் பக்கம்?

காவினோ: துறைமுகத்துக்கிட்ட விட்டாப் போதும், நடந்துக்குவேன். உன் வேலை எங்க?

போனாரியா: தலைச்சாயம் வாங்கணும். நம்ம ஒரிஸ்தானோல நல்லதா கெடைக்க மாட்டேங்குது. திங்கக்கிழமைதானே எங்களுக்குக் கடை லீவு... ஏன்டா, எனக்கு ஒரு சந்தேகம்.

காவினோ: இறால் பத்தின்னா நான் இங்கயே எறங்கிக்கறேன்.

போனாரியா: இறால் இல்ல. உன்னைப் படுத்தின தலசீமியா ரத்த வியாதியைப் பத்திப் படிச்சுக் கரைச்சுக் குடிச்சவன் நீ. சொல்லு, இப்ப உன் உடம்புல ஊறறது யாரு ரத்தம்? என்னுதா, உன்னுதா?

காவினோ: ...அதைச் சட்டுனு சொல்லிட முடியாது. செல்லு எப்படி வேலை செய்யுதுன்னு மொதல்ல தெரியணும்.

போனாரியா: இன்னும் அரை மணி நேரம் ரோடு இருக்கு. சொல்லு.

காவினோ: ஒரு செல்லு ரெண்டாப் பிரியணும்னு வெச்சுக்க. உள்ள இருக்கற டி.என்.ஏ ரெண்டு புரிக் கயிறு மாதிரி. அது பூராவும் எழுத்து. மொதல்ல ரெண்டு புரியும் பிரியும். அப்புறம் ஒவ்வொரு புரிக்கும் எதிர்ல ஜோடிப் புரியை எழுத்துக்கு எழுத்து புதுசாக் கோத்துக்கும். ஒண்ணு ரெண்டாச்சா? ஆளுக்கொண்ணு.

போனாரியா: கோக்கறப்ப தப்பு வந்தா?

காவினோ: திருத்தறதுக்குன்னே உள்ள ஆளு உண்டு. ஆனா ஏற்கெனவே இருக்கற தப்பு அதுக்குத் தப்பாவே தெரியாது. அதையும் பய பக்தியோட நகலெடுக்கும்.

போனாரியா: நம்ம முனிசிபாலிட்டி ஆபீஸ் மாதிரி.

காவினோ: அதே! இப்ப ரத்தத்துக்கு ஒரு புரதம் செய்யணும். அதுக்கு மொத்தக் கயித்தையும் தூக்கிட்டு வராது. வேணுங்கற எடத்தை மட்டும் சின்னதா நகலெடுத்து வெளிய அனுப்பும். வெளிய ஒரு எந்திரம் உக்காந்திருக்கும். மூணு மூணு எழுத்தாப் படிக்கும். மூணு எழுத்துக்கு ஒரு மணி. படிக்கப் படிக்க மாலையாக் கோத்துக்கிட்டே போகும், அதான் புரதம்.

போனாரியா: நம்ம வீட்டுச் சங்கதிக்கு வா.

காவினோ: வர்றேன், அவசரப்படாத. அந்த மாலைக்கு நூத்திச் சொச்சம் மணி. முப்பத்தொம்பதாவது மணி கோக்க வேண்டிய எடத்துல ஒரே ஒரு எழுத்து மாறிப்போச்சு. மாறினதால அங்க ‘நிறுத்து’ன்னு ஆயிடுச்சு. எந்திரமும் நிறுத்திடும். பாதி மாலைகூட இல்ல, அத வெச்சு என்ன பண்றது? குப்பை. நம்ம தீவுல தெருவுக்கு ஒருத்தருக்கு இந்த எழுத்து இருக்கு.

போனாரியா: எனக்குந்தான் இருக்கு.

காவினோ: உனக்கு அம்மாகிட்டேர்ந்து வந்தது தப்பு, அப்பாகிட்டேர்ந்து வந்தது சரி. ஒண்ணு சரியா இருந்தாலே பொழப்பு ஓடும். எனக்கு ரெண்டு பேருமே தப்பைத்தான் குடுத்தாங்க.

போனாரியா: அப்பாவுக்கு எப்பவுமே என்மேலதான் பிரியம்.

காவினோ: சிரிக்காத. ஸ்டியரிங் ஆடுது.

போனாரியா: சரி, இப்போ என் செல்லும் உன் செல்லும் ஒரே எலும்புக்குள்ள இருக்கு. அப்போ?

காவினோ: ரெண்டும் நகலெடுத்துக்கிட்டே இருக்கும். எது சுறுசுறுப்பா எடுக்குதோ, அது... பெருகும்.

போனாரியா: எது சுறுசுறுப்பு?

காவினோ: அக்கா, அங்க பாரு! காயல்ல பூநாரை! எவ்வளவு கூட்டம்!

போனாரியா: பொறந்ததுலேர்ந்து பாக்கறேன். எதுடா சுறுசுறுப்பு?

காவினோ: ...ஜன்னலை எறக்கவா? புழுங்குது.

போனாரியா: எறக்கிக்க.

காவினோ: அக்கா... துறைமுகத்துக்கு இப்படித் திரும்பணும்.

போனாரியா: தெரியும்.

காவினோ: திரும்பலையே! எங்க போற? இது ஆஸ்பத்திரி ரோடு.

போனாரியா: உன் ஃபிரெண்டு அங்க இல்லையா?

காவினோ: வண்டியை ஓரங்கட்டு. தயவுசெஞ்சு.

போனாரியா: ஓட்டிக்கிட்டே காது கேக்கும். சொல்லு.

காவினோ: ஃபிரெண்டும் இல்ல, ஒருத்தனும் இல்ல. என்னோட பழைய செல்லு திரும்பத் தலை தூக்குது, அதான் மாத்திரை போடாமயே இறால் ஒத்துக்குது. உன்னுது மாசா மாசம் எறங்கிக்கிட்டே வருது. டாக்டர் இன்னைக்கு வரச்சொன்னாரு. உன்கிட்டேர்ந்து இன்னும் கொஞ்சம் செல்லு வாங்கணும்பாரு. வேணாம்னு சொல்லத்தான் போறேன்.

போனாரியா: ஏன்?

காவினோ: ஏனா? போன தடவை இடுப்புல குத்தி எடுத்தப்ப ரெண்டு வாரம் நிக்க முடியாம, ஸ்டூல்ல உக்காந்து முடி வெட்டின. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கதவு சந்துல பாத்து அழுதேன். போதும்கா. பழையபடி ரத்தம் ஏத்திக்கறேன், பழக்கம்தானே.

போனாரியா: எவ்வளவு மிச்சம் இருக்கு என்னுது?

காவினோ: முப்பது சதவீதம்.

போனாரியா: இருபத்தெட்டு.

காவினோ: ...உனக்கு யாரு சொன்னா?

போனாரியா: குடுக்கறவளைக் கேக்காமயே எடுத்துடுவாங்களா, மடையா? போன வாரமே போன் வந்துச்சு, வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுட்டேன். இந்தத் தடவை எலும்பெல்லாம் குத்தல, கைநரம்புலதான் எடுப்பாங்க... ஆஸ்பத்திரி வந்தாச்சு, எறங்கு, உன் பக்கத்து நாற்காலியை எனக்குத்தான் போட்டு வெச்சிருக்காங்க.