பம்பு நின்ற வளைவு

— கால்ல விழறதெல்லாம் வேண்டாம் மாப்ள, எந்திரி. தரையெல்லாம் ஆயில்.

— விழாம என்ன பண்ணச் சொல்றீங்க மச்சான்? நேத்து மலைப்பாதை கார் ரேஸ்ல வண்டி பத்தி எரியாம முழுசா திரும்பியிருக்குன்னா, இன்ஜினுக்கு நீங்க வச்ச கம்ப்யூட்டராலதான்.

— போன்ல 'வண்டி பாதியில நின்னுபோச்சு'ன்னுதானே சொன்ன? என் செட்டிங்தான் சொதப்பிருச்சோன்னு உங்க அக்கா போட்ட சாப்பாட்டைக்கூடத் தொடல நான். கோர்வையா சொல்லு.

— கடைசிக்கு முந்தின வளைவு. முழு வேகம். பெட்ரோல் ஹோஸ் மூட்டுல கழண்டு, நெருப்பாப் பழுத்துக் கிடந்த டர்போ மேல பீச்சியிருக்கு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பம்பு நின்னுச்சு, இன்ஜினும் நின்னுச்சு. லேசா ஒரு புகை. அவ்வளவுதான்.

— அப்பாடா. பெட்ரோல் அழுத்தம் விழுந்தா பம்பை நிறுத்துன்னு அதுகிட்ட சொல்லி வச்சிருந்தேன். கேட்டிருக்கு. இந்த வீட்டுல என் பேச்சைக் கேக்கறது அது ஒண்ணுதான்.

— அந்த செட்டிங்கை எடுத்துடுங்கன்னு உங்ககிட்ட எவ்வளவு மல்லுக்கு நின்னேன்.

— அதை மட்டுமா? இந்தக் கம்ப்யூட்டரே வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்ன. பழைய வயரிங்லயே சொருகற மாதிரி ஒண்ணு இருக்கு, பவரும் கூட வரும், உங்களுக்குத்தான் பயம்னு.

— வாய்க்கொழுப்பு மச்சான். ஒவ்வொரு சென்சருக்கும் நீங்க புதுசா வயர் இழுத்தப்போ, கல்யாண வீட்டுக்கு சீரியல் லைட் போடறீங்களான்னு வேற கேட்டேன்.

— சரி விடு. லேப்டாப்ப இங்க தள்ளு, வண்டி பதிஞ்சு வச்சிருக்கறதைப் பார்ப்போம். ம்... இங்க அழுத்தம் விழுது, இங்க பம்பு நிக்குது. அட, இன்ஜின் நின்ன பிறகும் பிரேக்கைப் பதறி மிதிக்கல நீ. உருட்டிக்கிட்டே வந்து ஓரங்கட்டியிருக்க. அதுக்கு முந்தின வளைவுலயும் பிரேக் பெடலைக் காட்டற கோடு வழவழன்னு போகுது. கரப்பான்பூச்சிய மிதிக்கற மாதிரி மிதிக்கற ஆளாச்சே, எப்படா திருந்தின?

— அதைத்தான் சொல்ல வந்தேன். முதல்ல அந்த ஸ்பானரைக் கீழ வைங்க.

— ஏன்?

— நேத்து காலையிலயே எனக்குத் தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு மச்சான். கையைத் தூக்க முடியல. நேத்து ஓட்டினது நான் இல்ல. உங்க பொண்ணு.

— போன தடவை அவ ஓட்டின கார் கவுந்து கழுத்துப்பட்டை எலும்பு முறிஞ்சப்பவே, இனிமே ரேஸ் வண்டியைத் தொடமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுத்தாளேடா.

— குடுத்தா. நான்தான் கெஞ்சி ஏத்திவிட்டேன், திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. அவ உடம்புல ஒரு கீறல் இல்ல. வெளிய என் கார்லதான் உக்காந்திருக்கா, உள்ள வரப் பயம். ஐயோ, அழாதீங்க மச்சான்.

— உன்னை நினைச்சு இழுத்த வயர்டா அது. நீ கேலி பண்ணினியேன்னு கோபத்துல கழட்டிப் போட்டிருந்தா... எந்தச் சாமி என் கையைப் பிடிச்சுதோ, நல்லா இருக்கட்டும்.

— அவளை என்ன பண்ணப் போறீங்க?

— கூட்டிட்டு வா. பெடல் செட்டிங் இன்னும் உன் காலுக்குத்தான் இருக்கு. அவ காலுக்கு மாத்தணும்.