புல்லா, அரளியா?

காய்ந்த செம்பருத்தியை அரைத்துவிட்டால் கருஞ்சிவப்பாக ஏதோ ஒரு தூள், அவ்வளவுதான் ஐயா. அது என்ன பூ என்று சொல்ல மைக்ராஸ்கோப் வேண்டும். இருமல் மருந்துக் கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை.

செம்பருத்தியின் மகரந்தம் பெரிது, உருண்டை, உடம்பெல்லாம் முள். அரளியுடையது சின்னது, வழவழவென்று இருக்கும். அரளி உள்ளே போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போன வருஷம் மருந்துக்கு வந்த ஒரு செம்பருத்திச் சரக்கில் வழவழப்பான மகரந்தம் கண்ணில் பட்டது. பதறிப்போய் அரளி என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அதிலுள்ள துளைகளை எண்ணியிருக்க வேண்டும். புல்லுக்கு ஒன்று, அரளிக்கு நாலைந்து. அது காற்றில் வந்து ஒட்டிய வெறும் புல்.

சாப்பாட்டு அறையில் மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்தம்மாவுக்கு இனிமே சோறு வேணாம்ப்பா, ஒரு புல்லுக்கட்டு போடுங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புல்லுக்கட்டு என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை.

நீங்கள் கேட்கும் இந்தச் சரக்கு வந்தபோதும் வழவழப்பான மகரந்தம் இருந்தது, நிதானமாக எண்ணினேன். எதை எடுத்தாலும் நான்கு துளை. மேனேஜர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன புல்லுக்கட்டு, இன்னைக்கும் புல்லுதானா?"

"ஆமா சார், புல்லுதான்."

கையெழுத்துப் போட்டேன். அதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் சொன்னதற்குத் தலையாட்டினேன்.

அக்காவுக்கு மட்டும் போன் செய்து, எங்கள் மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்றேன். "ஏன்டி?" என்றாள். "இந்தத் தடவ ரொம்பக் கசக்குதுக்கா" என்றேன். நான் ஈவிரக்கம் இல்லாதவள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் மேசையில் பரப்பியிருக்கும் போட்டோக்களில் மற்றப் பிள்ளைகளை எனக்குத் தெரியாது. இரட்டைச் சடை போட்ட பெண் மேனேஜரின் மகள்.

மருந்து தயாரான அன்று அவர் ஒரு பாட்டிலோடு என்னிடம் வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கேலி எதுவும் இல்லை.

"பாப்பா இருமிக்கிட்டே இருக்காம்மா. நீங்க பாத்த சரக்குதானே, குடுக்கலாம்ல?"

"தாராளமா குடுங்க சார்."

இத்தனை வருஷத்தில் அவர் என் கண்ணை நம்பி வந்தது அன்றுதான். அந்த நம்பிக்கையைப் போய் நான் எப்படி ஐயா கெடுக்க முடியும்?