முதல் குரலுக்கே

இரவு பத்தரை. சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் வருகிற ரோடு. கடைசி பஸ்ஸும் போயாயிற்று. ஏரிக்கரை ஓரமாகத் தமிழ்வாணன் தனியாக வண்டியில் வருகிறான்... சிரிக்காதே எல்லப்பா, நடந்தது இது. நம் கலைச்செல்வனின் பெரியம்மா மகன்தான் அவன். நெல்லுக்குக் காவல் இருக்கிற இடத்தில் இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள்தான் கேட்டீர்கள்.

கரை திரும்புகிற வளைவில் வண்டி நின்றுவிட்டது. உதைத்தான். டக்... டக்... பிடிக்கவில்லை. தவளைச் சத்தம் சட்டென்று அடங்கியது. குப்பென்று பினாயில் வாசனை. ஏரிக்கரையில் ஏது பினாயில்? முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

“தமிழ்வாணன்.”

ஒரே தடவை. இவன் திரும்பக்கூட இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“இருக்கேன் சார்.”

ராத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பேய் மூன்று தடவை கூப்பிடாது. நம் பக்கத்துக் குழந்தைக்கும் இது தெரியும், தமிழ்வாணனுக்கும் தெரியும். ஆனால் அவனைப் பழக்கிய இடம் வேறு.

பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டான். செல்போனைப் பிடுங்கிய அம்மா பவளத்தைப் பிடித்துத் தள்ளினான். புருஷன் இல்லாமல் பிள்ளை வளர்த்தவள், பயந்துபோனாள். கெட்டுப்போகிற பையன்களைத் திருத்தித் தருகிறோம் என்று மாந்தோப்புக்குள் ஒரு விடுதி, ஆள் உயரத்துக்கு மேல் மதில். விடியற்காலையில் வேன் வந்தது. தூங்கிக்கொண்டிருந்தவனை நாலு பேர் தூக்கிப் போனார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவள் பவளம்தான்.

விடுதி முழுக்கப் பினாயில் நாற்றம். ராத்திரி எந்த நேரத்திலும் மாஸ்டர் வந்து பேர் கூப்பிடுவான். முதல் குரலுக்கே பதில் வர வேண்டும். அங்கே நடந்ததை வெளியே வந்து இத்தனை வருஷமாக அவனும் பேசவில்லை, பவளமும் கேட்கவில்லை. கேட்கப் பயம். அந்த மாஸ்டர் போன மாசம் செத்தான். பாவி, செத்தும் அட்டெண்டன்ஸ் எடுக்கிறான் பாருங்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான்.

“பதில் சொல்ட்டியாடா?”

“வாய் தானா வந்துட்ச்சிம்மா. அங்க அப்டிதான் பழக்கி வெச்சாங்க.”

“ஒரு தபா பதில் சொல்ட்டா வூட்டாண்டயே தேடிகினு வரும். வந்தா ஆளில்லாம திரும்பாது. நீ என் பக்கத்துலயே பட்த்துக்க.”

வாசலில் துடைப்பமும் செருப்பும் வைத்துக் கதவைத் தாழ்போட்டாள். தூங்கவில்லை. தெருநாய் ஊளையிட ஆரம்பித்து... பாதியில் நிறுத்தியது. கதவிடுக்கில் பினாயில். பக்கத்தில் மகனின் உடம்பு விறைத்தது. கண் மூடித்தான் இருந்தது. உதடு மட்டும் பிரிந்தது...

“தமிழ்வாணன்.”

பவளம் அவன் வாயைப் பொத்தினாள். குரல் வந்து முட்டுவது உள்ளங்கையில் தெரிந்தது. கடித்தான். ரத்தம் வந்தும் கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை என் பிள்ளையைத் தரமாட்டேன் என்று நினைத்தாளாம். கதவைப் பார்த்து அவளே சொன்னாள்.

“இருக்கேன் சார்.”

வாசனை போய்விட்டது. மகன் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிப்போனான்.

காலையில் அவன் கண் விழித்தபோது போட்ட தாழ் போட்டபடி இருந்தது. அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தாள். மூச்சு இருந்தது. அப்பாடா என்று எழுப்பப் போனவன் அவள் புடவையில் ரத்தத்தைப் பார்த்தான். இரண்டு முழங்காலும் தோல் உரிந்து கிடந்தன. சதைக்குள் பொடி ஜல்லி, ஈரத்தோடு. தமிழ்வாணன் தன் பேண்ட்டைச் சுருட்டிப் பார்த்தான். அவனுக்கும் அதே இடத்தில்தான் விடுதியில் வாங்கிய தழும்பு.

“எய்ந்துரும்மா,” என்று கைத்தாங்கலாகப் பிடித்துத் தூக்கினான்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. மூடியிருந்த கதவைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

“எய்ந்துக்கலாமா சார்?”