நாற்பது படி

ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வருகிறவர்களிடம், பழைய செருப்பாகப் பார்த்துப் போட்டு வாருங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன், ஐயா. இந்த ஊரில் சரித்திரம் இருக்கிற இடத்தில் எல்லாம் சாக்கடையும் இருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் எனக்குத் தபால் பிரிக்கிற வேலை. வீட்டில் நான் வாயைத் திறந்தால் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டுவாள். ஞாயிறு மட்டும் முப்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு பின்னால் வருவார்கள். யாரும் திரும்பிப் பார்க்காத சமாச்சாரங்களைக் காட்டுவேன்: சுவரில் பதிந்த குதிரை வளையம், பேங்குக்குப் பின்னால் ஒண்டி நிற்கும் கோட்டைச் சுவர், ஒரு மைல்கல். கடைசியாக, என் மச்சானின் சலவைக் கடைக் கொல்லையில், இரும்பு மூடிக்குக் கீழே பழைய தண்ணீர்த் தொட்டி. "நாற்பது படி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வேன். நான் இறங்கி எண்ணியதில்லை. எனக்கு இருட்டு ஆகாது. நாற்பது என்பது வாய்க்கு நன்றாக இருந்தது.

டீச்சரும் ஒரு வாரம்கூட விடாமல் வந்தவர்தான். கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர், கையில் எப்போதும் குடையும் அளவு டேப்பும். "அந்தச் சுவர் இருநூறு வருஷம் இல்ல சார், நூத்தி அறுபது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து, அடுத்த வாரமே திருத்திக்கொள்வேன். எனக்கு வீம்பு கிடையாது.

மைல்கல் விஷயம் வேறு. அது மாமியார் வீட்டு வாசற்படி உடைந்தபோது மிஞ்சிய கல். எழுத்து நான் செதுக்கியது. நான் அதை நட்ட தெருவில் காட்ட ஒன்றுமே இல்லை, பார்க்கப் பாவமாக இருந்தது. டீச்சர் ஒரு வாரம் அதைத் தடவிப் பார்த்தார். எல்லாரும் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க சார். இல்லேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும். தப்பா நெனைக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் மைல்கல் போனால் மற்றதை எவன் நம்புவான்? ஞாயிறும் போனால் எனக்கு மிச்சம் தபால்தான்.

"சொல்லிடறேன் டீச்சர். அதுக்கு முன்னாடி அந்தப் படியையும் எண்ணிடலாமா? அதுவும் தப்பா இருந்தா ஒரேயடியா திருத்திடலாம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததே. சனிக்கிழமை மத்தியானம் மச்சான் சாப்பிடப் போயிருந்த நேரம், மிஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. டீச்சர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சை அடித்துக்கொண்டு, ஒண்ணு, ரெண்டு என்று உரக்க எண்ணியபடி இறங்கினார். பதினேழு வரை எனக்குக் கேட்டது. பிறகு மூடியைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். துருப்பிடித்த தாழ்ப்பாள், கொஞ்சம் எண்ணெய் விட வேண்டியிருந்தது. எண்ணெய் கொண்டு போயிருந்தேன்.

மறுநாள் நடை பிரமாதம். மூடிக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, "உள்ள யாரோ தட்டுற மாதிரி இருக்கே" என்றார். "பழைய கட்டடம்மா, பேசும்" என்றேன். அன்றைக்குக் கைதட்டியது போல என்றைக்கும் தட்டியதில்லை.

அவர்கள் போன பிறகு மூடியோரம் குனிந்தேன். டீச்சர் திட்டவில்லை, கெஞ்சவில்லை. நான்தான் குனிந்திருக்கிறேன் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. "முப்பத்திரண்டு சார்" என்றார், அவ்வளவுதான். அதற்கடுத்த ஞாயிறு சத்தமே இல்லை.

டீச்சரைக் காணோம் என்று அவர் தங்கை புகார் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது என்கிறீர்கள். குடை என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது, பத்திரமாக. உங்கள் ஆட்கள் தொட்டிக்குள் இறங்கும்போது எண்ணிக்கொண்டே இறங்கச் சொல்லுங்கள். வாக்குமூலத்தில் நாற்பது படி என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள், ஐயா. தப்பென்று தெரிந்த பிறகு ஒரு வாரம்கூட நான் நாற்பது என்று சொன்னதில்லை.